ஒண்டுக்குடித்தனத்தின் கதைசொல்லிகள்

மதுரைக்குக் குடிவந்தவர்களின் வரலாற்றைக் கோவலன் கண்ணகியிலிருந்து தொடங்குவது தமிழாசிரியர்களுக்கே உரிய பழக்கதோஷம் என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். எனினும் வேறெங்கு தொடங்குவது என்று நமக்குத் தெரியவில்லை. புகார் நகரில் பெற்றோர் தனிமனை வைத்துக் கொடுத்த தம்பதியர் மதுரையில் இன்னொருத்தியின் வீட்டு எல்லைக்குள் குடியேறுகிறார்கள். கவுந்தியடிகளிடமிருந்து அடைக்கலப் பொருளாக அவர்களைப் பெற்றுக்கொள்ளும் ஆய்ச்சி மாதரி, செம்மண் பூசிய, பந்தர் அமைந்த, காவலுள்ள சிறுவீடு ஒன்றை ஒதுக்கித் தருகிறாள். தன் மகள் ஐயையைத் துணைக்கு வைக்கிறாள். கண்ணகி சமைப்பதையும் கோவலன் உண்பதையும் அந்தத் தாயும் மகளும் அருகிருந்து காண்கிறார்கள். வணிகன் ஒருவன் தன் செல்வமெல்லாம் இழந்து, மனைவியின் காற்சிலம்பை விற்க வந்திருக்கும் செய்தி மாநகருக்குத் தெரியாது. உடன் குடியிருப்பவளுக்கு எதுவும் சொல்லப்படாமலே பாதி தெரிந்திருக்கும்.

உடன் குடியிருப்பவளின் இந்தப் பாதி அறிவைப் பற்றியதே இக்கட்டுரை. ஒரே இடத்தில் வாழும் பலரைப் பற்றித் தனித்தனியே நிற்கக்கூடிய சிறுகதைகளை எழுதி, ஒன்றின் மாந்தர் மற்றொன்றின் வாசலைக் கடந்துபோகும்படி கோத்துவைக்கும் வடிவம் ஒன்று உலக இலக்கியத்தில் உண்டு. தொடர்கதை என்ற சொல் வேறு பொருளில் வழங்கிவிட்டமையால் இதனை நாம் கதைக்கோவை என்றே குறிப்போம். தமிழில் இவ்வடிவம் எங்கெல்லாம் செழித்ததோ அங்கெல்லாம் ஒரு பொதுக் கிணறோ, பொதுக் குழாயோ, பொது முடுக்கோ இருந்திருக்கிறது என்பது நமது துணிபு. தனிக்கதவும் தனிக்குழாயும் வந்தபின் அவ்வடிவத்துக்கு என்ன ஆயிற்று என்பது அதனையொட்டி எழும் வினா.

*

மதுரையின் வீடுகள் ஏன் அவ்வளவு நெருங்கிக் கிடக்கின்றன என்பதற்குக் கோட்டைதான் முதற்காரணம். பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் எழுந்த கோட்டையின் மதிலுக்குள், ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த வீதிகளுக்கு இடையில், ஊர் முழுவதும் அடங்கியாக வேண்டியிருந்தது. 1834 முதல் 1847 வரை மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில்தான் மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இடிக்க முன்வந்தோருக்கே அந்நிலம் மனையாக வழங்கப்பட்டது. வெளி வீதிகள் அவ்வாறு பிறந்தவை. நில அளவையாளர் மாரட்டின் பெயரும் மேஸ்திரி பெருமாளின் பெயரும் இன்றும் தெருப்பெயர்களாக நிற்கின்றன. ஆட்சியர் விளக்குத்தூணாக நிற்கிறார்.

மதில் போனது, நெருக்கம் போகவில்லை. 1875ல் இருப்புப்பாதை வந்தது. 1892ல் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை வந்தது. 1895ல் பெரியாறு அணை நீர் வந்து மேலூர், சோழவந்தான் பக்கத்துச் சமவெளியில் நெல் விளைந்தது. நெல் விற்கவும், நூல் நூற்கவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் சுற்றுப்புறத்துச் சனம் நகருக்குள் வந்தது. 1901ல் சுமார் 1,06,000 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1951ல் 3,60,000ஐத் தாண்டியது. ஆலை நிருவாகம் தன் தொழிலாளருக்கு ஹார்விபட்டியைக் கட்டியது. இரயில்வேக்குத் தன் குடியிருப்பு இருந்தது. ஏனையோர் மாசி வீதிகளின் பின்புறத்துச் சந்துகளில், மகாலைச் சுற்றிய தெருக்களில், சிம்மக்கல்லில், வைகையின் கரைகளில் இடம் தேடினர். முன்னோர் விட்டுச்சென்ற நீண்ட ஒற்றை வீட்டைக் குறுக்குச் சுவர் எழுப்பித் துண்டு துண்டாக்கி வாடகைக்கு விடுவது வீட்டுக்காரர்களின் தொழிலாயிற்று. இவ்வாறு உருவானவற்றைத்தான் மதுரையில் வளவு என்றும் காம்பவுண்டு என்றும், சென்னையில் ஸ்டோர் என்றும் வழங்கினோம். வாழ்க்கைமுறைக்குப் பெயர் ஒண்டுக்குடித்தனம். ஒண்டுதல் என்ற வினையில் உள்ள கூச்சம் கவனிக்கத்தக்கது. மழைக்கு ஒண்டுவது போல வாழ்நாள் முழுவதும் ஒண்டியிருந்தவர்கள் நம் பெற்றோர்.

சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1960ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டுக்காரர் நினைத்தபோது வாடகையை உயர்த்தவோ குடித்தனக்காரரை வெளியேற்றவோ முடியாதபடி செய்தது. இதனால் ஒரே வளவில் முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த குடும்பங்கள் உருவாயின. கதைகள் முளைப்பதற்கு இந்த நீடிப்பு இன்றியமையாதது. பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவரைப் பற்றிச் செய்தி இருக்கும், வரலாறு இருக்காது. அச்சட்டத்தின் இடத்தில் 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2019 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுதிப் பதிவுசெய்வதே இப்போது முறை.

*

வளவுக்குள் வாழாதவர்களுக்காகச் சில சொல்ல வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு சைக்கிள் கடையளவு அகலம்தான் தெரியும். உள்ளே நுழைந்தால் நடை நீண்டுகொண்டே போகும். இருபுறமும் ஓர் அறையும் அடுப்படியுமாகக் குடித்தனங்கள். நடுவில் வானம் தெரியும் முற்றம். அதில் கிணறு அல்லது அடிபம்பு, துவைகல். கடைசியில் கக்கூசு. எட்டுக் குடித்தனத்துக்கு இரண்டு இருந்தால் அது வசதியான வளவு. மின்சாரத்துக்கு ஒரே மீட்டர். இரவு பத்தரைக்கு மேல் விளக்கெரிந்தால் வீட்டுக்கார அம்மாளின் குரல் மச்சிலிருந்து இறங்கிவரும். வாடகைக்கு இருப்போர், மொத்தப் பணம் கொடுத்து ஒத்திக்கு இருப்போர் என இரண்டு சாதி. ஒத்திக்காரர் குழாயடியில் சற்று நிமிர்ந்து நிற்பார். வாசல் தெளித்துக் கோலம் போடுவது முறைவைத்து. தட்டட்டியில் வடகம் காயப்போடுவதும் முறைவைத்து.

நாம் வளர்ந்தது தெற்குமாசி வீதிக்குப் பின்னாலிருந்த அத்தகைய வளவு ஒன்றில். அங்கே ஐந்தாவது குடித்தனத்துத் தலைவருக்கு நகரின் மறுகோடியில் இன்னொரு குடும்பம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் இங்கே, நான்கு நாள் அங்கே. அந்த அம்மாள் ஒருவரிடமும் சொன்னதில்லை. வளவில் அதை அறியாதவரும் இல்லை. 1980களின் இறுதியில் அவருடைய மூத்த மகளைப் பெண்கேட்டு வந்தவர்கள், வழக்கப்படி, அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். முதற்குடித்தனம் தொடங்கி எட்டாவது குடித்தனம் வரை ஒரே பதில் வந்தது: அவருக்குக் கம்பெனி வேலை, அடிக்கடி வெளியூர் போவார், தங்கமான மனுஷர். தண்ணீர்த் தகராறில் அந்த அம்மாளோடு ஏழெட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்த எதிர்வீட்டு அத்தையும் அதையேதான் சொன்னார். எவரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாக நாம் அறியவில்லை. கல்யாணம் நடந்தது. அத்தைக்கும் அம்மாளுக்கும் பேச்சு மட்டும் அதன் பிறகும் தொடங்கவில்லை.

வளவில் இரகசியம் என்பது எல்லோருக்கும் தெரிந்தும் எவரும் உரக்கச் சொல்லாதது. அதனைக் காப்பது ஒரு கூட்டுத் தொழில்.

இதோடு நிறுத்தினால் வளவைக் கோயிலாக்கிவிடுவோம். அதே வாய்கள்தாம் ஏழாவது குடித்தனத்தில் தனியே இருந்த செவிலிப் பெண் ஒருவரைப் பேசியே விரட்டின. அவர் இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வருவதும், சில நாள் யாரோ ஒருவர் சைக்கிளில் வாசல்வரை கொண்டுவந்து விடுவதும் போதுமாயிருந்தன. குற்றம் என்று எவரும் எதையும் நேரில் சொல்லவில்லை. அவர் குடத்தைக் கிணற்றடியில் வைத்தால் மற்ற குடங்கள் சற்றே நகர்ந்தன, அவ்வளவே. ஆடி மாதத்தில் வீடு மாறக் கூடாது என்பார்கள். அவர் ஆடியிலேயே காலி செய்துகொண்டு போனார். கணவன் என்ற பெயரில் ஓர் ஆண் இருந்த குடும்பத்தின் மானத்தைக் காத்த வளவு, ஆண் இல்லாத ஒருத்தியின் மானத்தை எடுத்துத் துவைகல்லில் அடித்தது. கதவு வேண்டும் என்ற ஏக்கம் பெண்களுக்குத்தான் முதலில் தோன்றியிருக்க வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறோம்.

*

இவ்வாழ்வைத் தமிழ்ச் சிறுகதை தொடக்கத்திலேயே பற்றிக்கொண்டது. புதுமைப்பித்தனின் ‘ஒருநாள் கழிந்தது’ திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்த 1930களின் எழுத்தாளன் ஒருவனுடைய குடித்தனத்தின் கதை. வறுமையைக் காட்டிலும் வறுமையை வந்தவர் கண்ணிலிருந்து மறைக்கும் பாடு அதில் பெரிது. மறைக்க இடமில்லாத வீட்டில் மறைக்க முயல்வதுதான் அதன் நகைச்சுவை, அதன் துயரம்.

1960களில் ஜெயகாந்தன் இப்பிரச்சினையை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார். ‘அந்தரங்கம் புனிதமானது’ என்ற தலைப்பே ஒரு பிரகடனம். தந்தையின் வேறோர் உறவைக் கண்டுபிடித்து நியாயம் கேட்க வரும் மகனிடம், பிறர் அந்தரங்கத்தில் தலையிட உனக்கென்ன உரிமை என்று திருப்பிக் கேட்கும் கதை அது. வெகுசனப் பத்திரிகை வாசகர்களிடையே இது விளைவித்த அதிர்ச்சியை இன்று விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அதனைப் படித்தவர்களில் பெரும்பாலோர் குறுக்குச் சுவர் ஒன்றின் இப்பக்கத்தில் அமர்ந்து படித்தவர்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். அந்தரங்கம் என்பது அவர்களுக்கு வாழ்ந்தறியாத ஒரு பொருள்.

அசோகமித்திரன் வாதிடுபவர் அல்லர். குழாயடியில் நின்று பார்ப்பவர். 1973ல் நூலாக வந்த ‘தண்ணீர்’ நாவலில் ஜமுனாவின் சினிமாக் கனவும், பாஸ்கர் ராவோடு அவளுக்குள்ள உறவும், தங்கை சாயாவின் கோபமும் தண்ணீர்த் தட்டுப்பாட்டின் ஊடாகவே சொல்லப்படுகின்றன. குடத்தோடு தெருவில் இறங்கியாக வேண்டியவளுக்கு ஒளிந்துகொள்ள வழியில்லை. ஒருத்தியின் வாழ்க்கை முழுவதையும் அண்டைவீட்டார் படித்துவிடத் தண்ணீர்ப் பஞ்சம் ஒன்று போதும் என்று காட்டிய நாவல் அது. சிகந்தராபாத் லான்சர் பாரக்ஸ் குடியிருப்பை வைத்து அவர் எழுதிய ‘18வது அட்சக்கோடு’ம் (1977), அதே களத்தில் நிகழும் அவருடைய சிறுகதைகள் பலவும் சேர்த்து வாசிக்கத்தக்கவை. கோவை என்று அவற்றை அவர் பெயரிடவில்லை; ஆயினும் ஒரு கதையில் கண்ட தெருவை இன்னொன்றில் காணும்போது வாசகன் தானே கோத்துக்கொள்கிறான்.

இவ்வகையில் முழுமையான கதைக்கோவை என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று, திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருந்த ஆ. மாதவன் 1974ல் வெளியிட்ட ‘கடைத்தெருக் கதைகள்’. சுமைதூக்குவோரும் திருடரும் உடலை விற்போரும் அந்தத் தெருவில் ஒருவரையொருவர் அறிவர். எழுதியவர் கல்லாவில் அமர்ந்து அவர்களை நாள்தோறும் கண்டவர். மற்றொன்று, சென்னை ஏகாம்பரேசுவரர் அக்கிரகாரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்த குஜராத்திக் குடும்பங்களைப் பற்றித் திலீப்குமார் எழுதியவை. குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், ‘மூங்கில் குருத்து’ (1985), ‘கடவு’ (2000) ஆகிய தொகுதிகளில், தமிழ்நாட்டின் நடுவே தமிழரல்லாத ஒரு வளவைத் தமிழிலேயே படைத்துக் காட்டினார். பொதுக் கிணற்றில் எலி ஒன்று விழுந்துவிட, அதனால் எழும் அமளியே ‘தீர்வு’ என்னும் கதை. தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆகவே தீட்டும் பொது, விவாதமும் பொது. ஏழ்மையும் பழைய காதலும் முதுமையின் ஆசைகளும் அங்கே ஒளிவுமறைவின்றி உலவுகின்றன. பணக்காரர் என்று நாம் பொதுவில் எண்ணிக்கொள்ளும் சமூகத்தின் வறியவர்களை உள்ளிருந்து அறிந்த குரல் அது.

திருநெல்வேலி வளவுகளை வண்ணதாசன் எழுதியிருக்கிறார். 1976ல் வந்த ‘கலைக்க முடியாத ஒப்பனைகள்’ தொகுதி தொடங்கி, அவர் உலகில் பக்கத்து வீட்டு அக்காமார் சொல்லாமல் விட்டவைதாம் கதைகளாகின்றன. மேற்சொன்ன அத்தையின் மௌனத்தை எழுதக்கூடியவர் அவர் ஒருவரே என்று பலமுறை எண்ணியதுண்டு.

மதுரைக்கு வாய்த்தவர் ஜி. நாகராஜன். 1929ல் பிறந்து 1981ல் மறைந்த இந்தக் கணித ஆசிரியர், வளவுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைப் போகக் கூடாது என்று தடுத்த சந்துகளுக்குள் போனவர். 1963ல் அவர் வெளியிட்ட ‘குறத்தி முடுக்கு’ அளவிற் சிறியது. தங்கம் என்பவளை மையமாகக் கொண்டிருப்பினும், அம்முடுக்கின் பெண்கள் ஒவ்வொருவராக ஒரு சிறுகதையின் அளவே வந்து போகும் அமைப்பு அதற்கு உண்டு. நாம் கதைக்கோவை என்று சொன்னதற்கு அது மிக நெருங்கியது. ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) கந்தன் என்பவனின் ஒருநாட் பொழுது; அதில் மதுரையின் மணம் வீசுவதை ஊர்க்காரர் எவரும் உணர்வர். நாகராஜனின் தனித்தன்மை என்னவெனில், அவருடைய மாந்தருக்கு இரகசியமே கிடையாது. ஒழுக்கமான வீதிகளின் இரகசியங்கள் முழுவதையும் சுமப்பவர்கள் அவர்கள். முடுக்கினுள் நுழையும்போது தலைகுனிந்து நுழையும் ஆடவர்கள் ஏதோ ஒரு வளவிலிருந்து வந்தவர்களே. வளவின் மறுபக்கத்தை எழுதியவர் அவர் எனலாம்.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனாரும் இந்நகரின் இரவை யாமம் யாமமாகக் காட்டியவர்தாம். கள்வர் நடமாட்டமும், ஊர் காப்போர் அவர்களைத் தேடித் திரிவதும், பரத்தையர் வீதியும் அதில் உண்டு. புலவர் பெரும்பாலும் தெருவில் நின்றே காண்கிறார். தெருவிலிருந்து நடைக்குள்ளும், நடையிலிருந்து அடுப்படிக்குள்ளும் நம்மை அழைத்துப்போக உரைநடை வர வேண்டியிருந்தது.

*

பிறநாட்டு முயற்சிகளோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக், 1978ல் வெளிவந்த தம் பெருநாவலில் பாரிஸ் நகர அடுக்ககம் ஒன்றின் முகப்புச் சுவரையே கழற்றிவிட்டதாகக் கற்பித்துக்கொண்டு, அறை அறையாக 99 அத்தியாயங்கள் எழுதினார். சுவர் தடித்த ஊரில் கதை சொல்ல வேண்டுமானால் சுவரை நீக்குவதன்றி வேறு வழியில்லை போலும். எகிப்தின் அலா அல் அஸ்வானி 2002ல் எழுதிய ‘யாக்கூபியன் கட்டடம்’ கெய்ரோ மாளிகையொன்றைச் சொல்கிறது. கீழே கனவான்களின் வீடுகள். மொட்டைமாடியின் தகரக் கொட்டில்களில் ஏழைகளின் குடித்தனங்கள். அங்கே கதைகளை இணைப்பது மாடிப்படி.

நமக்கு மிக அணுக்கமானது ரோஹின்டன் மிஸ்திரியின் ‘ஃபிரோஷா பாக் கதைகள்’. 1987ல் வந்த இந்நூலின் 11 கதைகளும் பம்பாயின் பார்சிக் குடியிருப்பு ஒன்றில் வாழ்வோரைப் பற்றியவை. ஒன்றில் பேசுபவர் மற்றொன்றில் வெறும் பெயராக வருகிறார். குளிர்பெட்டி ஒரே வீட்டில்தான் இருக்கும். மற்றவர்கள் அங்கே போய் இறைச்சி வைப்பார்கள். நமது பொதுக்குழாயின் பம்பாய் வடிவம் அது. கடைசிக் கதையில் கனடாவின் அடுக்ககத்தில் தனியே வாழும் கெர்சி தன் பழைய குடியிருப்பைக் கதைகளாக எழுதி அனுப்ப, ஊரில் பெற்றோர் அவற்றைப் படிக்கிறார்கள். பொதுவாழ்வில் பிறந்த கதைகளை எழுதத் தனிக்கதவின் பின்னே அமர வேண்டியிருக்கிறது என்ற உண்மை அங்கே மிக அமைதியாகச் சொல்லப்படுகிறது. அந்நூலில் பேய்க்கதை ஒன்றும் உண்டு. அதனைத் தன் வாயால் சொல்பவள், அக்குடும்பங்களில் ஒன்றில் முதுமைவரை வேலைசெய்த கோவாக்கார ஆயா. அவளிடம் பின்னர் வருவோம்.

*

மதுரையில் அடுக்குமாடி மெல்லத்தான் வந்தது. 1961ல் அமைந்த வீட்டுவசதி வாரியத்தின் மாடிக் குடியிருப்புகள் எல்லீஸ் நகரிலும் வைகைக்கு வடக்கேயும் எழுந்தபோது, அவற்றிலும் வளவின் பழக்கங்கள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தன. படிக்கட்டில் அமர்ந்து தலைவாருவதும், கீழ்வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போவதும் 1980கள் வரை இருந்தன. தனி ஒருவர் ஒரு தளத்தின் பகுதியை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்வதை ஒழுங்குபடுத்தும் அடுக்கக உரிமைச் சட்டம் 1994ல் வந்தது. 2022ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் பின்னர் அதன் இடத்தைப் பெற்றது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக் கூடாது என்ற 1997ஆம் ஆண்டு அரசாணை கோபுரங்களின் தோற்றத்தைக் காப்பதற்கானது. அதன் விளைவாக உயர்மாடிகள் புறவழிச்சாலைப் பக்கமும், ஐயர் பங்களா, ஒத்தக்கடைப் பக்கமும், நேற்றுவரை பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்களின் மேலும் போய் நின்றன. வளவுகளை விற்றோ விட்டோ மக்கள் அங்கே பெயர்ந்தனர். நாமும் பெயர்ந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் அறியாத தம்பதியர் நம் கதவைத் தட்டினர். எதிர்வீட்டுப் பையனுக்குத் தங்கள் மகளைக் கொடுக்க எண்ணியிருப்பதாகவும், குடும்பம் எப்படிப்பட்டது என்று சொன்னால் நல்லது என்றும் கேட்டனர். நம்மிடம் பதில் இல்லை. கதவில் எழுதியிருக்கும் பெயர் தெரியும். வெளியே செருப்பு அடுக்கில் எத்தனை சோடி என்று தெரியும். குழம்பு தாளிக்கும் மணம் சில நாள் வரும். ஆறு ஆண்டுகளில் அதற்கு மேல் அறிந்ததில்லை. அன்று வளவுக்காரர் எட்டுப் பேர் கூடிப் பொய் சொன்னார்கள். இன்று நம்மால் பொய்கூடச் சொல்ல முடியவில்லை. பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உண்மை தெரிந்திருக்க வேண்டும். வந்தவர்கள் வருத்தப்படவில்லை. கீழே வாட்ச்மேனிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் மேலே வந்திருந்தார்கள்.

அண்டைவீட்டார் கதைசொல்லி என்ற பதவியிலிருந்து விலகியபின் அவ்விடத்தில் யார் அமர்வது? மும்பையில் வாழும் அம்பை இதற்கு ஒரு விடை கண்டார். 2014ல் வெளிவந்த ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ நூலில், சுதா குப்தா என்னும் துப்பறியும் பெண் நடுத்தரக் குடும்பங்களின் மூடிய கதவுகளுக்குள் கட்டணம் பெற்றுக்கொண்டு நுழைகிறாள். கல்யாணத்துக்கு முந்தைய விசாரணை, காணாமற்போனவர்கள், சொல்லப்படாத வன்முறை என்று அவளுக்கு வேலை ஓயாது. துப்பறியும் கதை என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. எதிர்வீட்டு அத்தை சும்மா அறிந்திருந்ததை அறிய இன்று ஒரு தொழில்முறையாளர் தேவைப்படுகிறார் என்னும் சமூக வரலாறு அக்கதைகளில் இருக்கிறது. சுதா குப்தா அறிந்ததையெல்லாம் அறிக்கையாக்குபவள் அல்லள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று எடைபோடுகிறாள். வளவின் நல்ல குணத்தை அடுக்ககத்துக்குள் கொண்டுசெல்லும் முயற்சியாகவே அவளை நாம் வாசிக்கிறோம். செவிலிப் பெண்ணைப் போன்றவர்களுக்கு இவ்வூரில் தாழ்ப்பாள் உள்ள கதவு கிடைத்தது பெரும் விடுதலை என்பதையும் இக்கதைகள் மறுப்பதில்லை. தாழ்ப்பாளுக்கு உள்ளே அடிபடுபவளின் குரல் வெளியே கேட்பதில்லை என்பதையும் அவை மறைப்பதில்லை.

*

மதுரை அடுக்ககங்களின் கதைக்கோவை நாம் வாசித்த அளவில் இன்னும் கைக்கு வரவில்லை. வருமானால் யாருடைய குரலில் வரும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. நமது தொகுதியில் நான்கு வீடுகளில் வேலைசெய்யும் அக்கா ஒருவர், மேலூர்ச் சாலையில் உள்ள கிராமமொன்றிலிருந்து காலை முதல் பேருந்தில் வருகிறார். அவருடைய மாமனார் காலத்தில் பயிரிட்ட வயல்களில் சில இப்போது இத்தகைய மாடிகளைத் தாங்கி நிற்கின்றன. எந்த வீட்டில் தட்டு இரண்டு விழுகிறது, எந்த வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிப் படுக்கை விரிக்க வேண்டியிருக்கிறது, எந்த மாத்திரையின் காலி அட்டை குப்பையில் கிடக்கிறது என்பவை அவருக்குத் தெரியும். நான்கு வீட்டையும் கோத்துச் செல்லும் நூல் அவர் ஒருவரே. எதிர்வீட்டைப் பற்றி விளையாட்டாக ஒருமுறை கேட்டோம். பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமல் அவர் சொன்னார்: “நாலு வீட்ல வேல பாக்குறவளுக்கும் வாயி ஒண்ணுதான் சார். அதப் பூட்டி வச்சாத்தான் பொழப்பு ஓடும்.”

மிஸ்திரியின் ஆயா பேசினாள் என்றால், அவளுக்காக எழுத ஓர் எழுத்தாளர் இருந்தார். இந்த அக்காவுக்கும் படித்த மகள் ஒருத்தி இருக்கிறாள். நகரத்துக் கல்லூரி ஒன்றில் இளங்கலை முடித்துவிட்டாள். வளவை வளவுக்காரர்களின் பிள்ளைகள் எழுதினார்கள். மாடிகளை, அவற்றைப் பெருக்கித் துடைத்தவர்களின் பிள்ளைகள் எழுதினால் அது இந்நகரின் இலக்கியத்துக்குப் புதிது. குடியிருக்கும் நாம் அதில் எப்படித் தோன்றுவோம் என்பது வேறு. அத்தகைய நூலைச் சற்று அச்சத்தோடுதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

மாதரியைச் சொல்லி முடிப்போம். கோவலன் கொலையுண்டபின், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலத்தை இழந்தேன் என்று அவள் தீயில் புகுந்து உயிர்விட்டதாக நீர்ப்படைக் காதை நமக்கு அறிவிக்கிறது. கொலையில் அவளுக்குப் பங்கில்லை. அரசனும் அவளைக் குற்றஞ்சாட்டவில்லை. உடன் குடியிருந்தவர்களின் வாழ்வில் தனக்குப் பொறுப்புண்டு என்று அவள் கருதினாள், அவ்வளவே. தீயில் புகுமளவுக்கு எவரும் இன்று போக வேண்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் படியிறங்கிப் போன பின், எதிர்வீட்டுக் கதவை முதன்முறையாக நாமே தட்டினோம். திறந்தவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் உறைமோர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.